சூசையண்ணரின் முன் சில்லு

சைக்கிள் கடையில் நின்றவர்களுக்கு ஒன்று தெரியும்: வாடிக்கையாளர் நோயைச் சொல்ல வருவதில்லை, மருந்தைச் சொல்லத்தான் வருவார். "பிரேக்கை மாத்து" என்பார். கோளாறு செயினில் இருக்கும். நீங்களும் என்னைப்போல அகப்பட்டு முழித்தவர் என்றால், இது உங்களுக்குத்தான்.

மன்னார் டவுனில் ஹனீபா நானாவின் கடையில் நான்கு வருடம் நின்றேன். தொழில் பழகியது இந்தியாவில், அகதி முகாமுக்குப் பக்கத்தில் ஒரு கடையில்; அங்கே சக்கரம், எங்கள் ஊரில் சில்லு. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் ஊரில் பாதிப்பேர் சைக்கிளுக்குச் சின்ன மோட்டர் பூட்டிக்கொண்டார்கள். வரிசை போன பிறகும் அந்தச் சைக்கிள்கள் போகவில்லை. இப்போது வவுனியாவில் ஓர் உதிரிப்பாகக் கடையில் மேசைக்குப் பின்னால் இருக்கிறேன். கையில் கிறீஸ் படுவதில்லை. இருந்தும் அந்த நான்கு வருடத்தை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

விசாரிக்கிற சில்லு

சூசையண்ணர் பள்ளிமுனைக்காரர். விடியக் கரையில் மீன் எடுத்து, பாலம் தாண்டி, முசலிப் பக்கத்து வயல் ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பவர். ஆள் கட்டை. சைக்கிளும் கட்டை: சின்னச் சில்லு, நடுவில் மோட்டர், பின்னால் மீன் பெட்டி. ஒருநாள் இரண்டு முழங்காலிலும் துணிக்கட்டுடன் வந்து இறங்கினார். பள்ளத்தில் முன் சில்லு இறங்கி, மீன் முழுக்கத் தெருவில் கொட்டி, காகத்துக்கு நல்ல விருந்தாம்.

இது இரண்டாவது தரம். மனைவி திரேசக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இன்னொரு தரம் விழுந்தால் சைக்கிளை விற்றுவிட்டு, மகள் வீட்டில் போய்ப் பேசாமல் இருக்கவேண்டும். இருபது வருடமாகப் போய்வந்த ஊர்களை விட்டுவிட்டு மகள் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருப்பதா? சொல்லும்போதே மனிதரின் குரல் இறங்கிவிட்டது. சுவரில் தொங்கிய பெரிய சைக்கிள் சில்லைக் கையால் காட்டினார்.

"சின்னச் சில்லு ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளயும் இறங்கி விசாரிச்சிட்டு வருது தம்பி. எனக்கு விசாரிக்காமல் மேலால போற சில்லு வேணும்."

குழாய்த் துண்டு

பெரிய சில்லு பழைய போர்க்கில் ஏறாது. போர்க் என்றால் முன் சில்லை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் கவைக் கம்பி. பெரிய சைக்கிளின் போர்க்கைப் போட்டேன். அதன் கழுத்து நீளம். ஹாண்டிலுக்குக் கீழே இரண்டு விரல் உயரம் மிஞ்சி நின்றது. ஹனீபா நானா "வெட்டு" என்றார். வெட்டினால் மரை போய்விடும், நட் இறுகாது. ஆட்டம் காணும் முன் சில்லில், ஏற்கெனவே இரண்டு தரம் விழுந்த மனிதரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கழித்துப்போட்ட தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு அறுத்து, மிஞ்சிய கழுத்தில் கோத்து, மேலே நட்டை இறுக்கலாம் என்று பட்டது. அளவு சரிவரும்வரை அரத்தால் ராவினேன். போடுவேன், கழற்றுவேன், மறுபடி ராவுவேன். பிரேக்கையும் மூன்று தரம் பிடித்துப் பார்த்தேன். தொழப் பள்ளிக்குப் போன நானா திரும்பி வந்து என் தலைக்கு மேலே நின்றார்.

"நான் தொழுதிட்டும் வந்திட்டன். நீ இன்னும் அந்தக் குழாய்க்கு மாப்பிள்ளை பாக்கிறாயா?"

நிற்காத சைக்கிள்

பரீட்சித்துப் பார்க்கச் சூசையண்ணர் கோட்டைப் பக்கம் ஒரு சுற்றுப் போனார். திரும்பி வந்தவர் கடையைத் தாண்டிப் போய்விட்டார். மறுபடி வந்தார், மறுபடி தாண்டினார். மோட்டர் நிற்கவில்லையாக்கும் என்று பின்னால் ஓடினேன். மூன்றாம் தரம் லைட் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

முன்பக்கம் உயர்ந்தால் உட்காருகிற சீற்றும் சேர்ந்து உயரும், கட்டை மனிதரின் கால் நிலத்துக்கு எட்டாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் சில்லை அளந்தேன், குழாயை அளந்தேன், மனிதரின் காலை அளக்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. சீற்று ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தது; இன்னும் இறக்குவதென்றால் சட்டத்தை வெட்டி ஒட்டவேண்டும், சைக்கிள் கடையில் இரண்டு நாள் நிற்கவேண்டும். மறுநாளோ சனிக்கிழமை. வெள்ளி முழுக்க மரக்கறி சாப்பிட்ட வயல் ஊர்ச் சனம் மீனுக்குக் காத்திருக்கும். "இப்பிடியே போனால் விழுவீங்கள் அண்ணை" என்று மறித்தேன். அவர் கம்பத்தை விட்டுவிட்டு ஹாண்டிலைப் பிடித்தார்.

"ஓடத்தான் சில்லுக் கேட்டனான். நிக்கிறதை நான் பாத்துக்கொள்ளுறன்."

மதகும் கழுதையும்

அதற்குப் பிறகு அவர் எங்கே மீன் விற்றார் என்பது எங்கே கால் ஊன்ற இடம் இருந்தது என்பதைப் பொறுத்தது. மதகுக் கட்டு, புனிதர் சிலை நிற்கும் சுருவத்துப் படி, கிணற்றடித் திட்டு. வாசலில் நின்று வாங்கிப் பழகியவர்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றார்களாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கடையில் தொலைபேசி அடித்தால் அவர் விழுந்த செய்திதான் என்று ஓடிப்போய் எடுப்பேன்.

ஒரு காலை டவுனுக்குள் அவருக்கு முன்னால் கழுதை ஒன்று தெருவுக்குக் குறுக்கே நின்றிருக்கிறது. எங்கள் ஊர்க் கழுதை ஹோர்னுக்கெல்லாம் விலகாது. பக்கத்தில் மதகும் இல்லை, மதிலும் இல்லை. என்ன செய்தீர்கள் என்று பதறிப்போய்க் கேட்டேன். காற்றடிக்க வந்திருந்த சூசையண்ணர், கடை வாசல் கம்பத்தில் ஒரு கையை ஊன்றியபடி ஆறுதலாகச் சொன்னார்.

"பிரேக் நல்லாப் பிடிச்சுது தம்பி. முதுகில கையை வைச்சனான், கழுதையும் அசையாமல் நிண்டுது."

திரேசக்கா வந்த நாள்

ஓர் ஓய்வு நாளாகப் பார்த்துச் சைக்கிளைக் கொண்டுவரச் சொன்னேன். சட்டத்தை வெட்டிச் சீற்றை இறக்கிவிடலாம், என் பிழையும் தீர்ந்துவிடும். சூசையண்ணர் வரவில்லை. திரேசக்கா தனியாக நடந்து வந்தார். மனிதர் விழுந்துவிட்டார், சைக்கிளை விற்கச் சொல்லத்தான் வருகிறார் என்று எனக்குக் கை ஓடவில்லை. நானா மர வாங்கைத் துடைத்து "இருங்கோ" என்றார், அவர் உட்காரவில்லை.

"அவர் விழேல்லை தம்பி" என்றார் என் முகத்தைப் பார்த்து. "நிக்க இடம் தேடித் தேடிப் போறவர், இப்ப றோட்டைப் பாத்து மெல்ல ஆறுதலாப் போறார்." பிறகு சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். முந்தியெல்லாம் மனிதர் வருவார், சைக்கிளை வேலியில் சாத்துவார், சாப்பிடுவார், படுப்பார். எந்த ஊர், யார் வாங்கினார், ஒன்றும் சொல்லமாட்டார். இப்போது வீட்டுத் தகர வேலி பாரம் தாங்காது என்பதால் திரேசக்காதான் வாசல் படலைக்குப் போய் ஹாண்டிலைப் பிடிக்கவேண்டும். பிடித்தால்தான் அவர் இறங்கலாம். இறங்குகிறவர் அந்த இடத்திலேயே நின்று அன்றைய கதை முழுக்கச் சொல்லித்தான் உள்ளே வருகிறாராம். நானா வெளியே எதையோ பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். திரேசக்கா தலைப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"விக்கிற கதையை நான் விட்டிட்டன். நீங்களும் அந்தச் சீற்றை இறக்கிப்போடாதேங்கோ. முப்பது வருசத்தில இப்பதான் அந்த மனுசனுக்கு நான் படலையில நிக்கிறது தெரியுது."

சைக்கிள் திருத்துகிறவன் தன் பிழைகளில் ஒன்றிரண்டைத் திருத்தாமல் விடவும் பழகவேண்டும் என்று என்னுடைய தொழிலில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.