கோழிகளுக்கு ஒரு வேலை

நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கோடையில் எங்கள் வீட்டுக்கு ஐந்து கோழிகள் வந்தன. அத்திப்பட்டில் இருந்த பெரியம்மா வீட்டிலிருந்து அம்மா அவற்றின் கால்களைக் கட்டி, கட்டைப்பையில் தலை மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, மின்சார ரயிலில் திருவொற்றியூருக்குக் கொண்டுவந்தாள். நைனா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இருக்கிற கஷ்டத்தில் இது வேறயா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். "சும்மா கெடக்கட்டும்" என்றாள் அம்மா.

நைனா டிரெய்லர் ஓட்டியவர். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப்போகும் நீள வண்டி. ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டயரைப் பார்க்க இறங்கியவரை, பின்னால் வந்த இன்னொரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டது. வலது காலில் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்க நடக்கத்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நைனா நடக்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பார்க்க வந்த தோஸ்துகள் ஆரம்பத்தில் பிரெட்டும் ஆரஞ்சுப் பழமுமாக வந்தார்கள். அவர் முகம் கொடுத்துப் பேசாததால் மெல்ல மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கோழிகளை முதலில் தெருவில்தான் மேயவிட்டோம். ஆனால் எங்கள் தெரு முடிகிற இடத்தில் பெரிய ரோடு. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், நகரும், மறுபடி நிற்கும். ஐந்தில் ஒன்று லாரிக்கு அடியில் சிந்திக் கிடந்த கோதுமையைப் பொறுக்கப் போய்த் திரும்பவே இல்லை. அன்றைக்கே அம்மா மீதி நான்கையும் பிடித்து வீட்டுக்குப் பின்னால் அடைத்துவிட்டாள். பின்கட்டு என்று பெயர்தான். இரண்டு பக்கமும் கையை நீட்டினால் சுவர் தட்டும். மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினோம். ரோட்டோரக் கம்பெனிக் குப்பையில் கிடைத்த மரப்பலகைகளை நிறுத்தி ஒரு கதவும் செய்தோம்.

உயிருக்கு ஆபத்து இல்லை என்று நான் நிம்மதியானேன். ஆபத்து உள்ளேயே இருந்தது. சில நாட்களில் சிவப்புக் கோழி, வெள்ளைக் கோழியின் முதுகில் இருந்த இறகுகளைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. தீனி வைத்தாலும் தின்றுவிட்டுப் போய்ப் பிடுங்கியது. வெள்ளையின் முதுகு வழுக்கையாகி, ரத்தம் கசிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் மற்ற இரண்டும் கொத்த வந்தன. நான் சிவப்புக்கு ரவுடி என்றும் வெள்ளைக்கு மொட்டை என்றும் பெயர் வைத்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"அந்த ரவுடிய அறுத்து கொழம்பு வெச்சிடு. பேஜாரு உட்டுச்சி" என்று பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப்பார்த்துச் சொன்னாள்.

"அறுக்கறதுக்கா ரயில் ஏத்திகினு வந்தேன்?" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா பண்றதுன்னு உங்க நைனாவ கேளு" என்றாள்.

அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருவாள். பகல் முழுக்க வீட்டில் நானும் நைனாவும் கோழிகளும்தான். நான் கட்டிலருகே போய் நின்று கேட்டேன். மூன்றாம் தடவை சுவரைப் பார்த்தபடியே, "அறுத்துட சொல்லு" என்றார்.

ராத்திரிச் சோற்றுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"நீ தப்பா கேட்டுகினு கீற. இன்னா பண்றதுன்னு கேக்காத. இன்னாத்துக்கு கொத்துதுன்னு கேளு."

மறுநாள் அதைக் கேட்டேன். நைனா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். நான் போகிறதாகவும் இல்லை. கட்டில் கால் பக்கத்தில் குந்திக்கொண்டேன். கடைசியில் அவரே பேசினார்.

"வேலயில்ல அதுங்களுக்கு. துறைமுகத்து கேட்டாண்ட வண்டி நாள் கணக்கா நின்னா, டிரைவருங்க நாங்களே ஒத்தன ஒத்தன் அடிச்சிக்குவோம். தீனி கீது, தண்ணி கீது, இன்னா பிரயோஜனம்? நாள் பூரா இன்னா செய்யும்?"

அப்புறம் கேள்விகள் அவர் பக்கமிருந்து வந்தன. மண் இருக்கிறதா, சிமென்ட் தரையா? வெயில் எந்தப் பக்கம் விழுகிறது? ஏறி உட்கார ஏதாவது இருக்கிறதா? நான் சொன்ன எந்தப் பதிலும் அவருக்குத் திருப்தியாக இல்லை. "உன்ன நம்பி பிரயோஜனமில்ல" என்று சலித்துக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த ஊன்றுகோலைக் கேட்டார். கட்டிலிலிருந்து பின்வாசல் வரை வருவதற்குள் அவர் பனியன் நனைந்துவிட்டது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, வலைக்குள் இருந்த நான்கையும் முறைத்துப் பார்த்தார்.

முதல் வேலையாக மொட்டையைத் தனியாக்கினோம். காயத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டோம். கண்மறைவாக வைத்தால் மற்றவை அவளை மறந்துவிடும், திரும்ப வரும்போது புதிதாக வந்தவள் என்று அடிக்கும் என்பதால், நடுவில் வலை மட்டும் கட்டி அதே இடத்தில் வைக்கச் சொன்னார். ரவுடியை அடுப்பங்கரைப் பக்கம் விட்டு, ஒரு கூடையைக் கவிழ்த்து மூடினோம். "நாலு நாளு உள்ள கெடக்கட்டும். திரும்பி வர்றப்ப இவ பெரியாளுங்கற இடம் போயிருக்கும்" என்றார்.

அதன்பின் எனக்குத்தான் வேலை ஓயவில்லை. மெக்கானிக் கடையில் கிடந்த பழைய லாரி டயரை உருட்டிவந்து, அதில் கடல்மணலும் அடுப்புச் சாம்பலும் வேப்பிலைத் தூளும் கொட்டினேன். கோழிகள் அதற்குள் இறங்கிப் புரண்டு, இறக்கையை விரித்து மண்ணை வாரி வாரிப் போட்டுக்கொண்டன. பேன் அண்டாது, பொழுதும் போகும். கறிகாய்க் கடையில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸை ஒரு கயிற்றில் கட்டி, எகிறினால்தான் எட்டும் உயரத்தில் தொங்கவிட்டோம். கம்புத் தானியத்தைக் கிண்ணத்தில் வைக்காமல், காய்ந்த சருகுக் குவியலில் தூவிக் கிளறிவிட்டோம். ஒரே நிமிஷத்தில் தின்று முடித்தவை இப்போது பகல் பாதியும் காலால் சீய்த்துச் சீய்த்துத் தேடின. உட்கார ஒரு சவுக்குக் கொம்பு. முட்டை ஓடு கெட்டிப்பட எண்ணூர் ஆற்றங்கரை கிளிஞ்சலை இடித்த தூள். வெயில் ஏறினால் வலைமேல் நனைத்த சாக்கு. காற்றில் நிலக்கரித் தூசு வந்து தண்ணீரில் படியும் என்பதால் தண்ணீரைக் காலையும் மதியமும் மாற்ற வேண்டும். நான் சோம்பினால் நைனாவே எழுந்து ஊன்றுகோலை ஊன்றி வந்துவிடுவார்.

நடுவில் கட்டிய வலையை அவிழ்த்து, ரவுடியைத் திரும்ப விட்ட அன்று அவள் நேராக மொட்டையிடம்தான் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நைனா அசரவில்லை. "இன்னொரு தபா பிடி, கூடைல போடு" என்றார். இரண்டாம் முறை வெளியே விட்டபோது, இடைப்பட்ட நாட்களில் துணிச்சல் வந்திருந்த மற்ற இரண்டும் ரவுடியை ஆளுக்கொரு கொத்து கொத்தின. ரவுடி ஒதுங்கிப்போய் முட்டைக்கோஸின் கீழே நின்று எகிற ஆரம்பித்தாள். நைனா தொடையில் தட்டிச் சிரித்தார். நான் ரவுடியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தச் சிரிப்பை முழுதாகப் பார்க்கவில்லை.

மொட்டையின் முதுகில் புது இறகு முளைத்து வரும் நேரத்தில் அம்மா ஒரு செய்தியோடு வந்தாள். பின்தெருவில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் கண்டிருக்கிறதாம். ஒன்று விழுந்தால் எல்லாம் விழுந்துவிடுமாம்.

"ரோட்டுக்கு அந்தாண்ட மாட்டாஸ்பத்திரில சனிக்கெழம சனிக்கெழம ஊசி போடறாங்கோ. தூக்கிகினு போய் வந்துடுங்க."

நைனாவின் முகம் மாறியது. "நீ போய் வா."

"சனிக்கெழம சரக்கு ஏத்தற நாளு. எனக்கு யாரு லீவு குடுப்பா?"

"பக்கத்து வூட்ல சொல்லு."

"அவளா? ஆஸ்பத்திரி போறதுக்குள்ள ரவுடிய கொழம்பு வெச்சிடுவா."

நைனா கோழிகளைப் பார்த்தார். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை அம்மா வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். நாங்கள் நான்கையும் கூடையில் போட்டு மேலே துணி கட்டினோம். நான் கூடையைச் சுமந்தேன், நைனா ஊன்றுகோலோடு வந்தார். தெருமுனை வரை ஒழுங்காக நடந்தவர், ரோட்டோரத்தில் நின்றுவிட்டார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. இடைவெளி வந்தது. நான் ஓரடி வைத்தேன், அவர் வைக்கவில்லை. இன்னொரு இடைவெளி வந்து போனது. கூடைக்குள் ரவுடி கத்தத் தொடங்கினாள்.

"போலாமா, நைனா?"

அவர் என் கையைப் பிடித்தார். கை சில்லென்று ஈரமாக இருந்தது.

"பயப்படாத, பாப்பா" என்றார். எனக்குப் பயமே இல்லை. அந்த ரோட்டைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். ஆனாலும் "சரி, நைனா" என்றேன்.

கடைசியில் அவர் ஊன்றுகோலை அக்குளில் இறுக்கிக்கொண்டு, ஒரு கையை உயரத் தூக்கி, நேராகப் பார்த்தபடி ரோட்டில் இறங்கினார். வந்துகொண்டிருந்த டிரெய்லர் புஸ்ஸென்று காற்றை விட்டபடி எங்களுக்கு முன்னால் நின்றது. ஓட்டியவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார்.

"மாமு! நீயா? இன்னாது கூடைல, லோடு ஏத்திகினு கீறியா?"

நைனா அங்கேயே, வண்டியின் மூக்குக்கு முன்னால் நின்றார். "ஆமாண்டா. அர்ஜென்ட் லோடு. உயிரோட போய் சேரணும். ஓரமா நிறுத்து!" என்றார். பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அடியாக வைத்து என்னையும் கோழிகளையும் அக்கரை சேர்த்தார்.

அந்தப் பக்கம் போனதும், கூடையை வேறு கைக்கு மாற்ற நின்றவள் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் கிளம்பிய பக்கத்தில், நின்றிருந்த தண்ணீர் லாரிக்குப் பின்னால் அம்மா இருந்தாள். கையில் டிபன் பாக்ஸ். முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். நான் பார்த்துவிட்டதைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். நைனா முன்னால் போய்க்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

எனக்குத் திக்கென்றது. லீவு இல்லை என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போகாமல் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறாள்! நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் முதுகில் வைக்கிறவள் அவள். நைனாவுக்குத் தெரிந்தால் சண்டை நடக்கும். அவரே இப்போதுதான் நாலு வார்த்தை பேசுகிறார். டாக்டர் ஒவ்வொரு கோழிக்கும் இறக்கையடியில் ஊசி போட்டு முடிக்கும்வரை நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அம்மா வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான களைப்போடு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னா, போய் வந்தீங்களா?" என்றாள் ஒன்றும் தெரியாதவள் போல. அந்தச் சாமர்த்தியத்தில் நான் அசந்துபோனேன். நைனா உட்கார்ந்த இடத்திலிருந்தே கதையை ஆரம்பித்தார். ஒரு டிரெய்லர் மூன்றானது. "அத்தினியும் எனக்காவ நின்னுச்சி" என்றார். அம்மா "அப்டியா!" என்று சரியான இடங்களில் வாயைப் பிளந்தாள். அடுத்த வாரம் தோஸ்துகளைப் பார்க்க துறைமுக கேட் பக்கம் போய்வரப் போவதாக நைனா சொன்னபோது மட்டும் சட்டென்று எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள்.

நானும் பின்னாலேயே போனேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். வீட்டில் பெரியவள் நான் ஒருத்திதான் என்கிற நினைப்போடு, குரலைத் தாழ்த்தி, கண்டிப்பாகச் சொன்னேன்.

"நான் நைனாகிட்ட சொல்லமாட்டேன்மா. ஆனா திங்கக்கெழமயாவது ஒழுங்கா வேலைக்கு போ."