பன்னிரண்டு வெள்ளரிக்காய்

இப்போதும் வெள்ளரிக்காய் வாங்கினால் நான்கு முறை கழுவுகிறேன். நடுவில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குவேன். மருமகள் சிரிக்கிறாள். அவளுக்குக் காரணம் தெரியாது. சொல்ல எனக்கு வெட்கம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருவனந்தபுரத்தில் கிருமிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த அத்தை, அப்பாவின் தங்கை, ஆராய்ச்சிக்காக எங்கள் வயலில் பன்னிரண்டு வெள்ளரிக்காய் பறித்தாள். ஆறை, அப்பா வழக்கமாகக் கழுவும் சானல் தண்ணீரிலேயே, அதாவது வயலோரப் பாசனக் கால்வாயிலேயே, கழுவிக் காம்பில் சிவப்பு நூல் கட்டினாள். மற்ற ஆறைப் பிளீச்சிங் பவுடர் கலந்த கிணற்று நீரில் முக்கியெடுத்து வெள்ளை நூல் கட்டினாள். எதில் கிருமி குறைவு என்று எண்ண வேண்டுமாம்.

"நான் விளைவிச்ச காயில கிருமி இருக்குன்னு எழுதப் போறியாட்டி? பொறவு சந்தையில எவன் வாங்குவான்?" என்றார் அப்பா.

"காயி மேல குத்தம் இல்லண்ணே. சானல்ல மாடும் குளிக்குல்லா."

"மாடு குளிச்சா வெள்ளரிக்காய்க்கு என்னட்டி நாணம்?"

சிரித்தாரே தவிர அப்பாவின் முகம் வாடியிருந்தது. பஸ்ஸுக்குப் புறப்பட அத்தை சேலை மாற்றப் போன நேரத்தில், பன்னிரண்டு நூலையும் அவிழ்த்து நிறம் மாற்றிக் கட்டினேன். எனக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு, கன்றுக்குட்டியைக் கட்டுவது. அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணம்.

பத்து நாள் கழித்து அத்தை வந்தாள். சானலில் கழுவிய காய்தான் சுத்தம் என்று முடிவு வந்திருந்தது. அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். திரும்பச் செய்யலாம் என்றால், அதற்குள் கொடியைப் பிடுங்கி நெல்லுக்கு உழுதாயிற்று. அத்தையின் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனது. மறுவருடம் அவள் சரியான கணக்கோடு வந்தபோது, "ஆண்டுக்கொரு கணக்காட்டி?" என்று அப்பா தட்டிவிட்டார். கடைசிவரை சானலை விடவில்லை. எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு வயிறு கெட்டதோ, எல்லாவற்றையும் எண்ணுகிற என்னால் அதை மட்டும் எண்ண முடியவில்லை.

அந்தப் பத்தாம் நாள், அத்தை என்னைத் தனியே அழைத்துச் சிவப்பு நூல் ஒன்றைத் தந்தாள்.

"மக்கா, இதுல ஒரு முடிச்சு போட்டுக் காட்டு."

போட்டேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவிடம் போய், "தப்பு என் கையிலதாண்ணே" என்றாள்.

என் முடிச்சு அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பின்னாலேயே ஓடி இன்னொன்றும் போட்டுக் கொடுத்தேன்.