ஆழத்துக்கு ஒன்பது மார்க்

எங்கள் ஸ்டீரியோ புகைப்பட கிளப்பின் ஸ்லைடு போட்டிகளுக்கு நான்தான் நடுவர். ஒரே காட்சியைச் சற்றே விலகிய இரண்டு கோணங்களில் எடுத்து, இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என்று பொருத்துவோம். இரு கண்ணாலும் பார்த்தால்தான் படம் ஆழத்தோடு எழுந்து நிற்கும்.

போன வருடம் சர்க்கரை நோய் என் வலது கண்ணைக் குடித்துவிட்டது. வெளியே சொன்னால் நடுவர் நாற்காலி போய்விடும். கண் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போன நண்பன் செந்திலுக்கு மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்டவன் படத்துக்கே போன மாதம், "ஆழம் பத்தாது" என்று நாலு மார்க் போட்டேன்.

இந்த மாதப் போட்டிக்கு அவன் அன்னூர் வாழைத்தோப்புப் படம் ஒன்றைக் கொடுத்தான். அரங்கில் எல்லோர் முன்னாலும் ஸ்லைடு பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்தேன்.

"இலையெல்லாம் கைக்கு எட்டற மாதிரி முன்னால வந்து நிக்குதுங்க. ஒம்பது மார்க்."

செந்தில் எழுந்தான்.

"ஏனுங்ணா, ரெண்டு பக்கமும் ஒரே படத்தைத்தானுங்க வெச்சிருந்தேன். அதுல ஏதுங்க ஆழம்? ஒத்தைக் கண்ணுல பாத்துத்தான் இத்தனை நாளா எங்களுக்கு மார்க் போட்டீங்களாக்கும்!"

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

வழக்கம்போல் அவன்தான் காரில் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"மனசுல வெச்சுக்காதீங்ணா. தமாசுக்குத்தான் செஞ்சுபோட்டேன்."

என் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவன் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னானா, வருந்திச் சொன்னானா, தெரியாது. அந்தப் பக்கம் எனக்கு இருட்டு. தலையைத் திருப்பியிருந்தால் பார்த்திருக்கலாம்.

வீடு வரும்வரை நான் திருப்பவில்லை.