அண்ணனுக்குப் போடாத இசை

என் அண்ணனின் சாவு அறிவித்தலுக்குப் போட வேண்டிய கசெற்றை நான் ஒளித்துவைத்தேன். வேண்டுமென்றுதான் ஒளித்துவைத்தேன்.

சமாதான காலத்தில் அண்ணனிடம் ஒரு ஓட்டோ இருந்தது. கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கத்து ஊர்களில் கோயில் திருவிழா, படக்காட்சி, சாவு என்று எல்லாவற்றையும் அறிவித்துத் திரிவார். சாவென்றால் ஒரு சோக வீணை இசையை ஓடவிட்டு, அதன் மேல்தான் இறந்தவரின் பெயரையும் கிரியை நேரத்தையும் சொல்வார். கசெற்றுகளைத் துடைத்து எடுத்துக்கொடுப்பது என் வேலை. ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வீட்டில்தான் இருந்தேன்.

சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்தபோது இத்தாலியிலிருந்து சித்தப்பா வந்தார். எனக்கு ஒரு கசெற் தந்தார்.

"அந்த நாட்டுக் கிழவர் ஒராள் போட்ட மியூசிக், பிள்ளை. குதிரையில வந்து ஆளையாள் சுடுற படங்களுக்குப் போட்டது. அங்கை அவரைக் கும்பிடாத குறை."

அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கசெற்றைப் போட்டதும் யாரோ ஒருவர் தனியே றோட்டில் நடந்துபோகிற மாதிரி விசிலடித்தார். பின்னால் ஒரு கிற்றார். எங்கோ ஒரு மணி. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. கசெற் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நான் கேட்ட பாட்டுகளில் எல்லா வாத்தியமும் ஒன்றாக வந்து விழும். இந்தக் கிழவர் காக்கவைத்தார். காக்கவைத்துவிட்டு ஒரு பெண்ணைப் பாட விட்டார். அவள் சொல் ஒன்றும் பாடவில்லை, குரல் மட்டும்தான். சொல் இல்லாததால் அது எனக்கும் விளங்கியது. பிறகு ஆனையிறவைத் தாண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த வெட்டவெளியில் ஒரு குதிரை வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதில் ஒரு ட்றம்பெற் இசை இருந்தது. அழாமல் நிற்கப் பார்க்கிற ஆளைப்போல அது மெல்ல மெல்ல எழும்பும். உருத்திரபுரத்தில் ஒரு ஐயா இறந்த அன்று அண்ணனின் வீணைக் கசெற் சிக்கி இழுபட்டுப்போனது. அவசரத்துக்கு நான் இதைக் கொடுத்துவிட்டேன். அண்ணன் மத்தியானம் சிரித்துக்கொண்டு வந்தார்.

"எடியே, சனம் அழுது குளறுதடி! குதிரைப் பாட்டுக்குக் குளறுது!"

அதற்குப் பிறகு எல்லோரும் அதையே கேட்டார்கள். "தம்பி, அந்தக் குழல் மெட்டைப் போடுங்கோ" என்றார்கள். சாவுக்கென்றே செய்த இசை என்று நினைத்தார்கள். ஒருநாள் தேத்தண்ணிக் கடை வாசலில் அண்ணன் அதைச் சும்மா போட, கடைக்காரர் கை துடைத்தபடி ஓடிவந்து, "ஆர் தம்பி மோசம்?" என்று செத்த ஆளின் பெயரைக் கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி நானும் அண்ணனும் சிரித்தோம்.

உருத்திரபுரத்து ஐயாவின் மகளைச் சந்தையில் கண்டேன். "அந்த மெட்டு றோட்டில போனா நான் காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள்ள ஓடிப்போவன் தங்கச்சி. ஐயா திரும்பவும் செத்த மாதிரிக் கிடக்கும்" என்றார். அவர் முன்னால் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு அதை நடித்துக் காட்டினேன்.

பளையில் ஒரு கோயில் திருவிழாவை அறிவிக்கப் போன அண்ணனின் ஓட்டோவை லொறி அடித்தது. திருவிழா என்றபடியால் அந்தக் கசெற் வீட்டில் இருந்தது. ஒலிபெருக்கி வைத்திருந்த இன்னொரு ஓட்டோக்காரர் மறுநாள் காலையிலேயே வந்து முற்றத்தில் நின்றார்.

"தங்கச்சி, அந்தக் குழல் மெட்டைத் தாங்கோ. கொண்ணைக்கு அதைத்தானே போடவேணும்."

"அது ஓட்டோவுக்குள்ள கிடந்தது, அண்ணை. நசிஞ்சு போச்சு."

கசெற் அலுமாரியில் என் சட்டைகளுக்குக் கீழே இருந்தது. அந்த நேரம் எனக்கு உருத்திரபுரத்து ஐயாவின் மகள்தான் நினைவுக்கு வந்தார். அண்ணனின் பெயரோடு ஒருமுறை ஓடினால் அந்த இசை எனக்கு இல்லாமல் போய்விடும். அண்ணனும் போய் அதுவும் போக வேண்டுமா என்று நினைத்தேன். எத்தனையோ வீட்டுக்கு நான் எடுத்துக் கொடுத்ததை என் வீட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அந்த ஓட்டோ ஒரு பழைய வீணைக் கசெற்றோடு எங்கள் ஒழுங்கையால் போனது. "ஊருக்கெல்லாம் நல்லதாப் போட்ட பெடியன். அவனுக்குக் கிடைச்சதைப் பார்" என்று பந்தலுக்குள் யாரோ சொன்னார்கள். நான் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து ஒரு மாமி முதுகைத் தடவினார்.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலை அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து அதை மெல்லமாகப் போட்டேன். ட்றம்பெற் எழும்பியது. முந்தி இருந்ததைப் போலவே அழகாக இருந்தது. உடம்பு சிலிர்த்தது. அண்ணன் செத்து ஒன்பது நாளில் எனக்கு ஒரு பாட்டு இனிக்கிறது. அதை நினைக்க இன்றைக்கும் என் முகம் சுடுகிறது.

திரும்பினால் வாசலில் அம்மா வாளியோடு நின்றார்.

"நசிஞ்சு போச்செண்டனி."

"இல்லையம்மா. எனக்கு வேணுமெண்டு வைச்சிட்டன்."

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் வாளியை வைத்துவிட்டு நிலத்தில் குந்தினார்.

"சத்தத்தைக் கூட்டு."

"அம்மா..."

"கூட்டு பிள்ளை. அவனுக்குப் போடேல்லைத்தானே."

திருகி முழுதாகக் கூட்டினேன். கழுவித் துடைத்த வீடு முழுக்க அது நிறைந்து வெளியில் போனது. வேலிக்கு அங்கால் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்த மாமி எட்டிப் பார்த்தார். அவருக்கு அது சாவு மெட்டுத்தான்.

"ஆரடி பிள்ளை மோசம்?"

அம்மா என்னைப் பார்த்தார்.

"அண்ணைதான், மாமி" என்றேன். பிறகு அண்ணன் எப்போதும் சொல்கிற மாதிரியே பெயரையும் ஊரையும் சொன்னேன். கிரியை நேரம் வருகிற இடத்தில் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.