வெள்ளைச் சேலைகள் பெரட்டுக்கு வந்த காலை

என் மகளும் என்னைப் போல மருத்துவிச்சிதான். நுவரெலியாவில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சீருடையை டெட்டோல் தண்ணீரில் ஊறப்போடுவாள். அந்த வாசனை வந்தால் எனக்குப் பசி எடுக்கும். இத்தனை வருஷமும் டெட்டோல் மணக்கிற கையால்தானே சோறு தின்றிருக்கிறேன். நேற்று மட்டும் பசி எடுக்கவில்லை. அவள் போனில் காட்டிய வீடியோதான் காரணம். எங்கோ ஒரு கிளினிக்கில், வரிசையில் நிற்கச் சொன்னதற்காக ஒருவன் சின்ன வயசு மருத்துவிச்சி ஒருத்தியைக் கன்னத்தில் அறைகிறான். சத்தம் நன்றாகவே கேட்டது. என் நாக்கு தானாக இடது பக்கப் பல்வரிசையில் இருக்கிற ஓட்டைக்குப் போய்விட்டது.

அந்த ஓட்டையில் ஒரு பல் இருந்தது. அது போன கதையைச் சொல்லாமல் உங்களை விடப்போவதில்லை.

அப்போது நான் வலப்பனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒரு ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி "எந்தச் சங்கம்?" என்பதுதான். பெயரெல்லாம் பிறகு. எங்கள் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கம். ஒரே லயத்தின், அந்த நீள வரிசை வீட்டின், இரண்டு முனையிலும் இரண்டு கொடி. தண்ணீர்க் குழாயில் யார் முதலில் பிடிப்பது என்ற சண்டையில் ஒருவனுக்குக் காது பாதி போய்விட்டது. காது ஒரு சங்கம், கத்தி ஒரு சங்கம். கட்டுப் போட்டவள் நான். சங்கங்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் அப்பாவும் கொடி பிடித்தவர்தான், அப்படிப் பிடித்ததால்தான் எங்களுக்குக் கொஞ்சமாவது சம்பளம் ஏறியது. ஆனால் கொடி தலைக்கு ஏறிவிட்டால் மனிதர்கள் மிருகமாகிவிடுவார்கள்.

எனக்கும் ஒரு சங்கம் இருந்தது. நாடு முழுக்க உள்ள மருத்துவிச்சிகளின் சங்கம். கண்டியில் நடக்கும் வருஷக் கூட்டத்தில் கொடுக்கிற சோற்றுப் பார்சலுக்காகத்தான் அதில் சேர்ந்தேன், மறைப்பானேன். பேச்செல்லாம் சிங்களத்தில். பாதி புரியும், பாதி நேரம் பார்சலில் மீன் துண்டு பெரிதாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். தலைவி சோமாவதி அக்கா, குருநாகல்காரி, தடித்த கண்ணாடி போட்டவர். போகும்போது என் தோளைப் பிடித்து, "நங்கி, தனியா இருக்க வாணாம்" என்பார், தங்கச்சியைச் சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இத்தனை லயம் சூழ இருக்கிறவளுக்கு என்ன தனிமை என்று எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு காலையில் கொழுந்து பறிக்கிற முத்துலட்சுமிக்குப் பிரசவ வலி வந்தது. பிள்ளையின் கால் முன்னால் வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும். தோட்டத்தில் இருந்தது ஒரே லொறி. அது பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்த முற்றத்தில், ஹட்டனில் நடக்கிற சங்கக் கூட்டத்துக்குப் போகிற ஆண்களை ஏற்றிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் முன்னால் நின்றேன். முன்சீட்டில் இருந்த சங்கத் தலைவர் பெரியசாமி தலையை வெளியே நீட்டினார்.

"யாரு பொஞ்சாதி?"

"செல்வராசு பொஞ்சாதிங்க."

"அவன் அந்தச் சங்கம்ல. அவுங்க தலைவர லொறி கொண்டாரச் சொல்லுங்க."

நான் எட்டி லொறிச் சாவியைப் பிடுங்கினேன். பெரியசாமி இறங்கி வந்து முகத்தில் குத்தினார். பல் தெறித்தது. விழுந்தவளை வயிற்றில் உதைத்து, என் கையைக் காலால் மிதித்துச் சாவியை எடுத்தார். யாரோ என் பையை மிதித்ததில் டெட்டோல் போத்தல் நொறுங்கியது. வாய் நிறைய இரத்தம், மூக்கு நிறைய டெட்டோல். லொறி மேலே நின்றவர்களில் சிலரின் பிள்ளைகளை இந்தக் கையில்தான் வாங்கியிருந்தேன். ஒருவனும் இறங்கவில்லை. லொறி போய்விட்டது.

கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் சாக்கை விரித்துப் பிரசவம் பார்த்தேன். தாய் பிழைத்தாள். பிள்ளை அழவில்லை. உள்ளங்காலில் அடித்து அடித்துப் பார்த்தேன், மூச்சு வரவேயில்லை. பெண் பிள்ளை.

மறுநாள் தோட்ட மேனேஜர், எங்கள் தொரை, கூப்பிட்டார். "பிரச்சினை வேணாம். ஒங்கள வேற தோட்டத்துக்கு மாத்துறேன்" என்றார். அடித்தவன் இருப்பான், அடிபட்டவள் போகவேண்டும். நான் போனால் நாளைக்கு வருகிறவளையும் அடிக்கலாம் என்று ஆகிவிடும். போகக்கூடாது என்று மட்டும் தெரிந்தது, எப்படி இருப்பது என்று தெரியவில்லை. வலப்பனைத் தபால் கந்தோருக்குப் போய்க் குருநாகலுக்குப் போன் பண்ணினேன். "அக்கா, அடிச்சிட்டாங்க" என்றேன். சோமாவதி அக்கா தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பெரட்டு நேரத்தில், பனிமூட்டத்துக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஏறி வந்தது. மருத்துவிச்சிகள். மாத்தறை, பதுளை, குருநாகல், குளிரில் பல் கிட்டிப்போன யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி. வலப்பனைவரை பஸ்ஸில் வந்து, அங்கே ஒரு மருத்துவிச்சி வீட்டுத் தரையில் படுத்திருந்துவிட்டு நடந்தே ஏறி வந்திருந்தார்கள். பெரட்டுக் கொட்டகை பெஞ்சில் என்னை நடுவில் வைத்து நெருக்கி உட்கார்ந்தார்கள். முத்துலட்சுமி எந்தச் சங்கம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

சோமாவதி அக்கா பெரியசாமி முன்னால் போய் நின்றார். "நங்கி போக மாட்டா. நீ மன்னிப்பு கேளு."

பெரியசாமிக்குப் பின்னால் நின்ற அவர் ஆட்களிடமிருந்து ஒரு கல் வந்தது. கண்ணாடி உடைந்து, நெற்றி பிளந்து, வெள்ளைச் சேலையில் இரத்தம் இறங்கியது. அக்கா துடைக்கவில்லை. "மன்னிப்பு கேளு" என்றார் மறுபடி. அடுத்த கல் தோளில் பட்டது.

கொழுந்துப் பெண்கள் மட்டக்கம்போடு நின்றிருந்தார்கள். செடியின் மட்டம் பார்க்க வைத்திருக்கிற மெல்லிய கம்பு அது. பெரியசாமியின் சங்கத்திலேயே இருந்த ராக்கம்மா முன்னால் வந்தாள். "இந்தம்மா கையிலதான்டா எம்புள்ள பொறந்தான்" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அவ்வளவுதான். இரண்டு சங்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கம்பு முறிந்தவள் கூடைக் கயிற்றால் விளாசினாள். பெரியசாமி தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தார். கல் எறிந்தவன்கள் தேயிலைக்குள் ஓடினார்கள். மருத்துவம் படித்தவள் நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. நன்றாக இருந்தது, கண் குளிரப் பார்த்தேன்.

பிறகு அவருக்கு மருந்து போட்டதும் நான்தான். அயடினைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன். "மன்னிச்சிருங்கம்மா" என்றார். அது அக்காவுக்காகச் சொன்னதா, அயடினுக்காகச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது. தொரை மாற்றம் பற்றி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. பென்ஷன் வாங்கும்வரை அங்கேதான் இருந்தேன்.

இப்போது அந்தப் பெரட்டுக்களத்தில் யாரோ லீக்ஸ் பயிர் போட்டிருக்கிறார்கள். பாதி லயம் கொழும்புக்குப் போய்விட்டது. எந்தச் சங்கம் என்று கேட்க ஆளில்லை. அந்தக் கேள்வி ஒழிந்ததில் எனக்கு வருத்தம் துளியும் கிடையாது.

மகளிடம் கேட்டேன், "ஒங்க சங்கத்துல இதுக்கு என்ன செஞ்சாங்க?"

"கண்டனம் போட்டாச்சும்மா. குரூப்புல எல்லாரும் அழுற மூஞ்சி போட்டிருக்காங்க."

"யாராச்சும் பஸ் ஏறினாங்களா?"

"இப்ப யாரும்மா அப்பிடியெல்லாம் போறாங்க?"

வீடியோவை இன்னொரு தரம் போடச் சொன்னேன். அறை விழுந்த பிறகு அந்தப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டு சுவரோரத்துப் பெஞ்சில் போய் உட்காருகிறாள். நீளமான பெஞ்சு. அன்றைக்குப் பெரட்டுக் கொட்டகையில் எனக்கு முழங்கையை அசைக்க இடமில்லாமல் இருந்தது. இவள் ஒரு ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தாள், வருகிறவர்களுக்கு இடம் விட்டு.