ஊற்றில் இருபத்து மூன்று சுற்று

எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். எழுபத்தெட்டு வயதாகியும் விடவில்லை. அந்த ஒரு கணக்கை மட்டும் மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில், மழை பொய்த்த ஒரு கோடை. அலுவலக நண்பர்கள் ஒன்பது பேர் வாடிப்பட்டிக்கு அப்பால், மலையடியில் இருந்த ஊற்றுக்குப் போய்க் கூடாரம் போட்டோம். காலையிலேயே பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி தன் நிறைகுடத்தை எங்களிடம் கொடுத்தாள்.

"சமைக்க இத வச்சுக்கங்கண்ணே. ஊத்துக்குள்ள மட்டும் எறங்கிராதீக. ஊரே குடிக்கிற தண்ணி."

"நாங்க படிச்சவங்கம்மா" என்றேன்.

மதியம் வெயில் தாங்கவில்லை. ஒரு நண்பன் லாரி டியூப் கொண்டுவந்திருந்தான். "எறங்கு மாப்ள, யாரு பாக்கப் போறா?" என்றான். நான்தான் முதலில் இறங்கினேன். டியூபில் உட்கார்ந்து, கைகளையே துடுப்பாக்கி இருபத்து மூன்று சுற்று வந்தேன். சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தேன்.

கரையேறியபோது பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பதினொரு பேர் இடுப்பில் குடம் இருந்தது. ஊற்று சேறாகிக் கிடந்தது.

"தெளிய எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலையில ஆயிரும்ணே" என்றாள் குடமில்லாதவள். "எங் குடத்தக் குடுங்க, போறேன்."

கொஞ்சமாவது மிச்சமிருக்கும் என்று கூடாரத்துக்கு ஓடினேன். கடைசித் தண்ணீரில் நாங்கள் கை கழுவியிருந்தோம். வெறுங்குடத்தைத்தான் நீட்டினேன். ஒருத்தியாவது திட்டியிருக்கலாம். பன்னிரண்டு காலிக் குடங்களோடு திரும்பி நடந்தார்கள்.

படித்தவன் என்று அதன்பிறகு நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.