பன்னிரண்டு அடியில் தண்ணீர்

காதர் பாய் மௌத்தான செய்தி எனக்கு நாங்கள் முன்பு மண் சோதித்துக் கொடுத்த ஒரு கட்டுமானக்காரரிடமிருந்துதான் வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு படம். பாயின் போட்டோவுக்கு மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே "எங்கள் நிறுவனத்தின் தூண்" என்று ஒரு வரி. ஒரு முஸ்லிமின் மரணத்துக்கு என்ன செய்வார்கள் என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அந்தத் தூணை என்னிடம் பார்த்த வேலையிலிருந்து விரட்ட வைத்தவரே அவர்தான்.

ராஜபாளையத்தில் மண் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் என்னிடம் பாய், மண்ணைச் சோதிக்கத் துளைபோடும் மேஸ்திரியாக இருந்தார். அவரோடு பழகிய உங்கள் எல்லோருக்கும் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில், பழைய வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் ஒரு தெருவில், கல்யாண மண்டபத்துக்கு அடியில் கார் நிறுத்த இரண்டு தளம் தோண்டத் திட்டம். ஐப்பசியில் துளைபோட்டோம். பன்னிரண்டு அடியில் தண்ணீர். அப்படியானால் சுற்றிலும் பலமான தடுப்புச் சுவர் இறக்கிய பிறகே தோண்ட வேண்டும்.

"அது மழைத் தண்ணி. முப்பதுன்னு போடுங்க" என்றார் கட்டுமானக்காரர்.

பாய் பேனாவை மூடிவிட்டார். "தண்ணி எங்க நிக்குன்னு தண்ணிதான் சொல்லணும். நாம சொல்லக் கூடாது."

அன்றே, பாயை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லும்படி கட்டுமானக்காரர் என்னிடம் சொன்னார். சொன்னேன். முப்பது அடி என்று எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில், வாதாடச் சோம்பல்.

தோண்டினார்கள். குழியில் ஊறிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்க இறைக்க, பக்கத்து வீடுகளின் அடி மண்ணும் சேர்ந்து வந்தது. கிணறுகள் வற்றின. யாரும் கூப்பிடாமலே பாய் தினமும் காலையில் மொபெட்டில் வந்து, குழியை ஒட்டிய வீடுகளில் ஏறி இறங்கினார். சுவர் விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

ஒருநாள் சண்முகத்தாய் வீட்டில் உடைந்துவிட்டது.

"யம்மா, கண்ணாடி தெறிச்சிருச்சு. ஒங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வெளிய வாங்க."

"அடுப்புல சோறு கெடக்கு பாய். செத்த நேரம் பொறுங்க."

"சோறு எங்க வீட்லருந்து வரும். மொதல்ல வாங்க."

நடக்க முடியாத அவள் கணவரை பாய்தான் தூக்கி வந்தார். மத்தியானம் வீட்டின் பின்பாதி அப்படியே குழிக்குள் சரிந்தது. மறுநாள் கட்டுமானக்காரர், "எங்கள் தொடர் கண்காணிப்பால் உயிர்கள் காக்கப்பட்டன" என்று பேட்டி கொடுத்தார். மண்டபத் திறப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அந்தக் கைகளை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பிறகு ஒருநாள் பாய் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார். குடித்து முடித்த பிறகு கேட்டார்: "எங்கிட்ட எதுக்கு சார் கேக்கீங்க? இடிஞ்சது என் வீடா?"

அவர் இருந்தவரை, வீடு இடிந்தவர்களிடம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து நேரே சோழபுரம் போனேன். சண்முகத்தாய் இப்போது அங்கே தங்கை வீட்டில் இருக்கிறாள். அந்தப் பொய்யில் கையெழுத்துப் போட்டவன் நான் என்று சொன்னேன்.

"பாய் மாசா மாசம் வந்து எங்க வீட்டுக்காரரப் பாத்துட்டுப் போவாரு. ஒரு நாளும் ஒங்க பேரச் சொன்னதில்லையே" என்றாள்.

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் இதையே சொல்வேன் என்று எழுதியும் கொடுத்தேன். காதர் பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான்: யாருக்குக் கேடு செய்தோமோ, அவர்கள் வாசலில் போய் நிற்பது.